காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை சுருண்டு படுத்தால்: மழைக்காலத்தில் ரங்கூன் பெற்றோருக்கு

பள்ளி திறக்கிற ஜூன் மாதமும் மழை பிடித்துக்கொள்கிற நாளும் நம் ஊரில் ஒன்றாகவே வருகின்றன. ஞாயிறு காலை கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். ஜூலை வந்துவிட்டால் பாயில் பாதி இடம் காலியாக இருக்கும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொன்றுக்கு வயிற்றுப்போக்கு, இன்னொன்றை நாய் கடித்துவிட்டது என்று அம்மாக்கள் செருப்பு விடும் இடத்திலேயே நிறுத்திக் கேட்பார்கள். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மூன்று பிள்ளைகளை இந்த ஊர் மழையில் வளர்த்தவள். பிள்ளைகள் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள்.

உங்கள் பிள்ளையிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. சுவரில் தொங்கும் காலண்டரில் உடம்பு சுட்ட முதல் நாளைச் சுற்றி வட்டம் போட்டு, மணியையும் எழுதுங்கள். மருந்து கொடுத்த நேரம், வாந்தி எடுத்த நேரம், சிறுநீர் போன நேரம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வரட்டும். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே “காய்ச்சல் எத்தனையாவது நாள்?” என்பதுதான். பதற்றத்தில் நமக்கு அது நினைவுக்கு வராது.

இன்றுதான் உடம்பு சுடுகிறது

கன்னத்தில் தனக்கா, அதாவது மரப்பட்டை அரைத்த பூச்சு, இருந்தால் முதலில் கழுவுங்கள். தனக்காவுக்கு அடியில் பிள்ளையின் முகம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் முகம், உள்ளங்கை, கீழ் இமையின் உட்புறம் மூன்றையும் பாருங்கள். தோலில் தடிப்போ சிவப்புப் புள்ளியோ இருக்கிறதா என்று வயிற்றிலும் முதுகிலும் தேடுங்கள்.

மருந்து என்றால் பாராசிட்டமால் மட்டும். பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 18 கிலோ பிள்ளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி போதும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறு மணி நேரம் விடுங்கள். ஒரு நாளில் நான்கு தடவையைத் தாண்ட வேண்டாம். சிரப் வாங்கினால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. போன வருட நினைவில் அதே கரண்டியால் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும்.

மருந்துக் கடையில் “காய்ச்சல்” என்று சொன்னவுடன் நாலைந்து நிற மாத்திரைகளை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டுவார்களே, அதை மட்டும் வாங்காதீர்கள். எதில் என்ன இருக்கிறது என்று உறையில் ஒரு எழுத்தும் இருக்காது. வலி மாத்திரை கலந்திருக்கலாம், ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். இபுபுரோபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் டெங்குக் காய்ச்சலில் ரத்தக் கசிவைக் கூட்டும். மழைக்காலத்தில் வரும் எந்தக் காய்ச்சலையும், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை, டெங்கு என்றே வைத்துக்கொள்வது நல்லது. பெயர் எழுதிய அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மலைப்பக்கம், காட்டுப்பக்கம் போய்வந்த பிள்ளை என்றால் மலேரியாவுக்கும் சேர்த்து அன்றே ரத்தம் பாருங்கள். காய்ச்சலோடு வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய வேண்டாம், கிளம்புங்கள். மூளைக் காய்ச்சல் தடுப்பூசி 2017 நவம்பரில் நாடு முழுக்கப் பள்ளிகளில் போடப்பட்டது. அதற்குப் பிறகு கைக்குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது தொடக்கப் பள்ளியில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அது விழுந்ததா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் பிள்ளை தேறவில்லை

இந்த ஒரு தலைப்புக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

என் இரண்டாவது மகளுக்கு அப்போது ஏழு வயது. திங்கட்கிழமை காய்ச்சல். வியாழன் விடியற்காலை தொட்டுப் பார்த்தேன், உடம்பு ஆறியிருந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கஞ்சி வைத்தேன். பக்கத்துக் கிளினிக்கில் முந்தின நாளே “வெறும் காய்ச்சல்தான்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள், வாந்தி எடுத்தாள், வயிறு வலிக்கிறது என்று மாடிப்படிக்குக் கீழே குளிர்ந்த சிமெண்டுத் தரையில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அசதி என்று விட்டுவிட்டேன். எதிர்வீட்டு பர்மியக்கார அக்கா உப்பு வாங்க வந்தவர் குனிந்து அவள் பாதத்தைத் தொட்டார். மழையில் நனைந்த கல் மாதிரி இருந்தது. “எப்போது மூத்திரம் போனாள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அக்காவே வார்டு பரஹித சங்கத்து (தொண்டர்கள் நடத்தும் உதவிச் சங்கம்) ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். இரண்டு நாள் ட்ரிப்பில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

நடந்தது இதுதான். டெங்குவில் காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை அடிக்கும். ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். சின்ன ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பித்து, ரத்தத்தில் இருக்கும் நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் வடிகிறது. உள்ளே ரத்தம் கெட்டியாகிறது, கை கால் குளிர்கிறது, நாடி மெலிகிறது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தானாகவே பசி என்று கேட்கும். உடம்பு ஆறியதும் நாம் நிம்மதியாகிவிடுகிற அந்த இரண்டு நாளில்தான் கண் மூடாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வேண்டியவை: விடாத வயிற்று வலி. ஒரே நாளில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி. ஈறு, மூக்கு, வாந்தி, மலம் எதிலாவது ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம். தூங்கி வழிவது, அல்லது நிலைகொள்ளாமல் புரண்டு சிணுங்குவது. ஈரமாய்க் குளிர்ந்த கை கால். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமல் இருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், இரண்டாவதற்குக் காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணி என்றாலும் போங்கள். ரங்கூனில் இருப்பவர்களுக்குக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் ரத்தம் ஏற்றும் வசதி உள்ள அரசு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பரஹித சங்கத்தின் நம்பரைக் காலண்டரிலேயே எழுதுங்கள். செல்போனுக்குள் மட்டும் வைத்தால் கரண்ட் இல்லாத ராத்திரியில் அது அணைந்து கிடக்கும்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம். முதல் நாட்களில் என்எஸ்1 என்ற சோதனை செய்வார்கள். அதில் இல்லை என்று வந்தால் டெங்கு இல்லவே இல்லை என்று எண்ண வேண்டாம், தவறிப்போவதும் உண்டு. எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். அதோடு ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்றும் கேளுங்கள். பிளேட்லெட் இறங்கும்போது ஹீமாட்டோகிரிட் ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு நாள் பார்த்தால் போதாது, நேற்றைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதனால் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் இருக்கும்வரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்: ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்), கஞ்சித் தண்ணீர், இளநீர், பழச்சாறு. பீட்ரூட், தர்பூசணி, கோலா மாதிரி சிவப்பும் பழுப்புமான பானம் வேண்டாம். வாந்தியில் வந்தது ரத்தமா ஜூஸா என்று தெரியாமல் தவிப்பீர்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று தமிழர்களும் கேட்கிறார்கள், பர்மியர்களும் கேட்கிறார்கள். குமட்டுகிற பிள்ளைக்கு அந்தக் கசப்பு வாந்தியைக் கூட்டும், வாந்தி எடுத்தால் குடித்த தண்ணீரும் போய்விடும். நான் கொடுப்பதில்லை. அப்புறம், வாயால் குடிக்க முடிகிற பிள்ளைக்கு “தெம்புக்கு ஒரு ட்ரிப் போடுங்கள்” என்று கிளினிக்கில் கேட்டு வாங்காதீர்கள். கசிவு நேரத்தில் அளவு தெரியாமல் ஏற்றிய நீர் நெஞ்சில் போய்த் தேங்கி மூச்சு முட்டும். ட்ரிப் தேவைப்படுகிற பிள்ளைக்கு அதை மணிக்கு மணி அளந்து பார்க்கிற இடம்தான் சரி.

ஒரு தடவை வந்தவர்களுக்கு இனி வராது என்ற பேச்சும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்ற மூன்றையும் தடுக்காது. இரண்டாவது தடவை வருவதுதான் பெரும்பாலும் கடுமையாக இருக்கிறது. 1970-இல் ரங்கூனில் முதல் பெரும் பரவல் வந்த நாளிலிருந்து இந்தக் காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகளையே அதிகம் பிடித்துவந்திருக்கிறது.

கொசு எங்கே பிறக்கிறது என்றால், பெரும்பாலும் நம் வீட்டுக்குள்தான். சாக்கடைத் தண்ணீர் இந்தக் கொசுவுக்குப் பிடிக்காது, தெளிந்த நீர் வேண்டும். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது என்று பிடித்து வைக்கிற டிரம், சாமி படத்தடியில் பூ வைக்கும் கிண்ணம், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பால்கனியில் ரோஜாத் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் இவற்றைச் சுத்தம் செய்தால் முந்திவிடலாம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தேங்காய் நாரால் சுற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடு, கொட்டு, மாற்று, வடிகட்டு என்று பர்மிய மொழியில் நான்கு சொல்லாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதில் நான் தேய் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கொட்ட முடியாத பெரிய தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல் போடலாம். இந்தக் கொசு பகலில், முக்கியமாகக் காலையிலும் சாயங்காலத்திலும் கடிக்கிறது. மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

வயிற்றுப்போக்கு

நிறுத்துகிற மாத்திரை வேண்டாம். போகிற நீரைத் திரும்ப ஊற்றுவதுதான் வைத்தியம். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவில் கரையுங்கள். அரைப் பொட்டலத்தைக் குத்துமதிப்பாகக் கரைக்காதீர்கள். பொட்டலம் கைவசம் இல்லையா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். ஒவ்வொரு தடவை போனதும் 100 முதல் 200 மில்லி, கடகடவென்று இல்லாமல் வாய் வாயாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். ஜிங்க் மாத்திரை 20 மில்லிகிராம், நின்ற பிறகும் விடாமல் 10 முதல் 14 நாள். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிப் போவது, கண் குழிவது, கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகத் திரும்புவது, எதையும் குடிக்க மறுப்பது என்றால் ஆஸ்பத்திரி.

நின்ற பிறகு காரணத்தைத் தேடுங்கள். முதலில் டிபன் பாக்ஸ். காலை ஆறு மணிக்குச் சூட்டோடு மூடிக் கட்டிய சோறும் தேங்காய்ப்பால் குழம்பும் பகல் பன்னிரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாள் வீட்டிலேயே வைத்துத் திறந்து பாருங்கள். நான் பார்த்தேன், மூடியின் உட்புறம் நூல் நூலாக இழுத்தது. அன்றிலிருந்து ஆறவிட்டுத்தான் மூடுகிறேன், பள்ளி நாளில் தேங்காய்ப்பால் கிடையாது. ராத்திரி எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத பிரிட்ஜில் இருந்த மீன் குழம்பை மறுபடி சுட வைத்தாலும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பள்ளி வாசலில் விற்கும் பேஜோ (பருப்புப் பொரியல் தின்பண்டம்), எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் என்றால் அவ்வளவு பயமில்லை. கையால் பிசைந்து வெயிலில் காத்திருக்கும் அத்தோ நூடுல்ஸும், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸ் போட்ட கரும்புச் சாறும்தான் எனக்குப் பயம்.

பள்ளி நாளில் மட்டும் காலையில் வயிறு வலி

நடிப்பு என்று அதட்டாதீர்கள், வலி நிஜம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் போகிறாயா?” பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம் என்று காலை முதல் அடக்கி வைக்கிறார்கள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. அதிலிருந்து மலச்சிக்கல், அப்புறம் சிறுநீரில் எரிச்சல். காலையில் அரை மணி முன்னால் எழுப்பி, சாப்பிட்ட பிறகு நிதானமாக உட்காரவிடுங்கள். வாழைப்பழமும் பப்பாளியும் தினம் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை அன்றே செய்ய வேண்டும். கழிப்பறை விஷயத்தை நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். ஒருவர் போவதைவிட அது பலிக்கிறது.

கக்கூஸில் பிரச்சினை இல்லை என்றால் அடுத்த கேள்வி: யாராவது அடிக்கிறார்களா, பர்மிய மொழியில் தடுமாறுவதைக் கேலி செய்கிறார்களா, யாராவது தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா. இதை எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். தலை வாரும்போது, பின்னால் இருந்தபடி மெதுவாகக் கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம்.

ராத்திரியில் சொறிகிறது

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி என்றால் சிரங்கு. 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை ராத்திரி பூசி காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூசாவிட்டால் திரும்பி வரும்; சொறியாத தாத்தாவும் பூச வேண்டும். படுக்கை விரிப்பும் துணியும் வெந்நீரில். தலை என்றால் பேன். ஈரத்தலையில் எண்ணெய் வைத்து ஈர்கொல்லிச் சீப்பால் மூன்று நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சி; அதற்கும், பூச்சியால் ரத்தம் குறைந்து வெளுத்த இமைக்கும் பள்ளியில் கொடுக்கிற பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

நாய் கடித்தது, அல்லது பிறாண்டியது

பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். “நாய் தொட்டால் உடனே சொல், திட்ட மாட்டேன்” என்று இன்றே சொல்லி வையுங்கள். நம் தெருவில் எத்தனை நாய் என்று உங்களுக்கே தெரியும்.

கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளமானது, பிள்ளை அழும், விட வேண்டாம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் குவளையால் ஊற்றிக்கொண்டே இருங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்றும் அவர்களிடமே கேளுங்கள். நாய் தெரிந்த நாயாக இருந்தாலும், வீட்டு நாயாக இருந்தாலும் ஊசி போட்டுக்கொண்டே பத்து நாள் அதைக் கவனிக்கலாம். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு வைத்தியம் கிடையாது. டாக்டரைக் கேட்காமல் தவணையை இடையில் நிறுத்தாதீர்கள். அடுத்த தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள்.

பாம்பு கடித்தது

டலாவிலும் பெகுப் பக்கமும் வயல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது. பர்மாவில் அதிகம் கொல்வது கண்ணாடி விரியன். அதன் நஞ்சு ரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கேடு. பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, கடித்த காலைக் கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டி, நஞ்சுமுறி மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள்தான் கிடைத்தது என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவில் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறான்

பெருமழையில் நம் தெருக்கள் வாய்க்காலாகிவிடும். மூடி இல்லாத சாக்கடை எது, தரை எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. கரண்ட் கம்பம், கடை வாசல் வயர், இரும்புக் கதவு இவற்றுக்குப் பக்கத்தில் தண்ணீரில் நிற்கக் கூடாது என்று பிள்ளைக்கு இடத்தைக் காட்டியே சொல்லுங்கள். வீடு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அது. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், “வெள்ளத்தில் நடந்தான்” என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நனைந்த நாளையும் காலண்டரில் எழுதி வைத்திருந்தால் தேதியும் கையில் இருக்கும்.